டிஎஃப், பிஎஸ் தரும் அட்டவணையை ஸ்கிரிப்டில் பிரிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வட்டில் எவ்வளவு இடம் மிச்சம் என்று காட்டும் டிஎஃப், ஓடும் நிரல்களைக் காட்டும் பிஎஸ் போன்ற ஒரு கட்டளையைத் தட்டுகிறோம், திரையில் அழகாக அட்டவணை வருகிறது. அதில் ஒரே ஒரு எண்ணைப் பிடித்து, அது எல்லை தாண்டினால் மெயில் அனுப்ப வேண்டும். லினக்ஸ் சர்வர் பார்த்துக்கொள்கிற யாரும் முதல் மாதத்திலேயே இந்த இடத்துக்கு வந்துவிடுகிறார்கள். புதிதாகச் சேர்ந்தவர்கள் என் மேசைக்கு வந்து கேட்ட சந்தேகங்களை அவர்கள் கேட்ட மாதிரியே தொகுத்திருக்கிறேன்.

கட்டளைப் பெயர்களைப் போனில் சொல்வதுபோல ஒலிப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறேன்.

அட்டவணைல அஞ்சாவது காலம் மட்டும் வேணும். எதுல எழுதறது?

ஆக் என்ற சின்ன நிரல்மொழி போதும். 1977-இல் பெல் ஆய்வகத்தில் ஆல்ஃபிரட் ஆஹோ, பீட்டர் வைன்பர்கர், பிரையன் கெர்னிகன் மூவரும் எழுதியது. மூவர் குடும்பப் பெயரின் முதலெழுத்துகள்தான் அதன் பெயர். வரி வரியாகப் படிக்கும், இடைவெளி கண்ட இடத்தில் துண்டாக்கும், துண்டுகளுக்கு $1, $2 என்று எண் கொடுக்கும். $0 என்றால் முழு வரி. ஒரு வரியில் எத்தனை துண்டு என்பது என்எஃப் என்ற மாறியில் இருக்கும் (இரண்டும் பெரிய எழுத்து).

பேச்சில் நாம் ‘காலம்’ என்று சொல்வதை இங்கே நெடுவரிசை என்றே எழுதுகிறேன். பிஎஸ் பற்றிப் பேசும்போது உண்மையான நேரமும் வரும், குழம்பிவிடும்.

கட் கட்டளை இன்னும் சின்னதா இருக்கே? இடைவெளிய பிரிப்பானா குடுத்தா வெறும் காலியா வருது.

அட்டவணையை நேராக நிறுத்துவதற்காக நடுவே ஐந்தாறு இடைவெளிகள் போட்டிருப்பார்கள். கட் அவற்றில் ஒவ்வொன்றையும் தனிப் பிரிப்பானாக எண்ணுகிறது. நீங்கள் கேட்ட ஐந்தாவது துண்டு இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் இருக்கும் வெறுமைதான். டிஆர் -எஸ் வைத்து இடைவெளிகளை ஒன்றாக்கிவிட்டு கட்டுக்கு அனுப்பலாம். ஆனால் அதற்குள் ஆக் வேலையை முடித்திருக்கும்.

பைத்தானிலும் இதே கதைதான். ஸ்ப்ளிட் அடைப்புக்குள் ஒன்றும் தராமல் அழைத்தால் ஆக் மாதிரி நடக்கும். ஒற்றை இடைவெளியைக் கொடுத்து அழைத்தால் கட் மாதிரி நடக்கும். பயனர் கணக்குகள் இருக்கும் பாஸ்வேர்டு கோப்பு போல முக்காற்புள்ளியால் சீராகப் பிரித்த கோப்புதான் கட்டுக்கு ஏற்ற தீனி.

தலைப்பு வரியும் சேர்ந்து வந்துடுதே?

என்ஆர் > 1 என்று நிபந்தனை வையுங்கள். என்ஆர் (இரண்டும் பெரிய எழுத்து) என்பது வரி எண்.

தலைப்பு வரியை வைத்து நெடுவரிசையை எண்ணுவதும் ஆபத்து. டிஎஃப் தலைப்பில் கடைசியில் வரும் ‘மவுண்டட் ஆன்’ இரண்டு சொல். தலைப்பில் எண்ணினால் ஏழு துண்டு, கீழே தரவில் ஆறு. நினைவகக் கணக்கு காட்டும் ஃப்ரீ கட்டளையில் இது தலைகீழ். முதல் நெடுவரிசைக்குத் தலைப்பே கிடையாது, ஆகவே தலைப்பில் ஆறும் நினைவகத்துக்கான வரியில் ஏழும் இருக்கும். எண்ணுவதென்றால் தரவு வரியை எண்ணுங்கள்.

டிஸ்க் 95% ஆனப்ப மெயில் வந்துச்சு. 100% ஆனப்ப வரல. ஸ்கிரிப்ட் ஒண்ணும் மாத்தல. ஏன்?

இந்தத் தப்பை நானே செய்து சனிக்கிழமை இரவு ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். ஸ்கிரிப்டில் `$5 > 90` என்று இருந்தது. டிஎஃப் தரும் ஐந்தாவது துண்டு 95 இல்லை, 95%. அந்த விழுக்காட்டுக் குறி ஒட்டியிருப்பதால் ஆக் அதை எண்ணாகப் பார்ப்பதில்லை, எழுத்துச் சரமாகப் பார்க்கிறது. ஒரு பக்கம் சரமாக இருந்தால் மறுபக்கத்து 90-ஐயும் சரமாக்கி, அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல முதல் எழுத்திலிருந்து ஒப்பிடுகிறது.

இப்போது பாருங்கள். 95%-க்கும் 90-க்கும் முதல் எழுத்து ஒன்றே, இரண்டாவதில் 5 பெரியது, மெயில் போகிறது. 100%-இல் முதல் எழுத்து 1. அது 9-ஐவிடச் சின்னது. ஆகவே நூறு தொண்ணூறைவிடக் குறைவு என்று தீர்ப்பு. 90 முதல் 99 வரை எல்லாம் சரியாக நடக்கும், அதனால் சோதிக்கும்போது சந்தேகமே வராது. என் சர்வரில் ஒரு லாக் கோப்பு திடீரென வீங்கி, மணிக்கொருமுறை ஓடும் சோதனை இரண்டுக்கு நடுவிலேயே 88-லிருந்து 100-க்குத் தாவிவிட்டது. ஸ்கிரிப்ட் இரவு முழுக்க ‘எல்லாம் நலம்’ என்று உட்கார்ந்திருந்தது.

மருந்து ஒரு பூஜ்யம்: `$5 + 0 >= 90`. கூட்டல் வந்ததும் ஆக் முன்னால் இருக்கும் இலக்கங்களை எடுத்துக்கொண்டு குறியை விட்டுவிடும். தலைப்பு வரியில் எழுத்து மட்டும் இருப்பதால் அதன் மதிப்பு பூஜ்யமாகி அதுவும் தானே ஒதுங்கும். பழைய முறையில் தலைப்பு வரி எப்போதும் 90-ஐத் தாண்டியதாகவே வரும், ஏனென்றால் எழுத்துகள் இலக்கங்களுக்குப் பின்னால் அடுக்கப்பட்டவை. முந்தைய கேள்வியைக் கேட்க வைத்தது பாதி நேரம் இதுதான்.

டிஎஃப் -எச் போட்டா படிக்க சுலபமா இருக்கு. அதையே ஸ்கிரிப்ட்லயும் வெச்சுக்கலாமா?

வேண்டாம். 9.5ஜி, 800எம் என்று வருவது கண்ணுக்காகச் செய்தது. மேலே சொன்ன பூஜ்யத்தைக் கூட்டினால் 9.5-உம் 800-உம் கிடைக்கும், எது பெரியது என்று நீங்களே சொல்லுங்கள். போதாக்குறைக்கு அந்த எண்கள் மேல்நோக்கி முழுமையாக்கப்பட்டவை. கணக்குக்கு -கே போடுங்கள், எல்லாம் 1024 பைட் அலகில் வரும். வரிசைப்படுத்த மட்டும் என்றால் சார்ட் -எச் அந்தப் பின்னொட்டுகளைப் புரிந்துகொள்ளும்.

கூடவே பெரிய பி-யையும் சேருங்கள். பழைய சர்வர்களில் சாதனப் பெயர் நீளமாக இருந்தால் டிஎஃப் ஒரே பதிவை இரண்டு வரியாக உடைக்கும். மேக்கில் ஐநோடு (கோப்புக்கு ஒன்றாக இருக்கும் பதிவு) கணக்குக்காக மூன்று நெடுவரிசை அதிகமாக நுழைந்து, மவுண்ட் பாதை (வட்டு இணைந்திருக்கும் கோப்புறை) ஒன்பதாவது இடத்துக்குப் போய்விடும். பெரிய பி போட்டால் போசிக்ஸ் என்ற யூனிக்ஸ் பொதுத் தரப்படி ஒரு பதிவுக்கு ஒரு வரி, ஆறு நெடுவரிசை, எங்கேயும் ஒன்றே.

பயன்படுத்தினது, மீதி ரெண்டையும் கூட்டினா மொத்தம் வரல. நான் தப்பான நெடுவரிசைய எடுக்கறேனா?

இல்லை, சரியானதைத்தான் எடுத்திருக்கிறீர்கள். எக்ஸ்ட்4 கோப்பமைப்பு வழக்கமாக 5 விழுக்காட்டை நிர்வாகிக் கணக்கான ரூட்டுக்கென்று ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. அது மொத்தத்தில் இருக்கும், மீதியில் இருக்காது. விழுக்காட்டை டிஎஃப் கணக்கிடுவதும் மொத்தத்தை வைத்து அல்ல, பயன்பட்டதையும் மீதியையும் கூட்டி வரும் தொகையை வைத்து. மேல்நோக்கி முழுமையாக்கும் பழக்கம் இங்கேயும் உண்டு. ஸ்கிரிப்டில் நீங்களே வகுத்தால் திரையில் இருப்பதோடு ஒத்துப்போகாமல் ஒருநாள் சண்டை வரும். அது தரும் எண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பிஎஸ் ஆக்ஸ் போட்டு $11 எடுத்தேன். கட்டளை பாதிதான் வருது.

பிஎஸ் ஆக்ஸ் தருவது 11 நெடுவரிசை. கடைசி நெடுவரிசையான கட்டளைக்குள்ளேயே இடைவெளிகள் இருக்கும். ஆகவே ‘பதினொன்றிலிருந்து வரியின் கடைசிவரை’ என்று கேட்க வேண்டும். பைத்தானில் இது சுத்தமாக வரும். ஸ்ப்ளிட்டுக்கு பிரிப்பான் இடத்தில் நன் (முதலெழுத்து பெரியது) என்றும் அடுத்து 10 என்றும் கொடுத்தால் பத்து முறை மட்டும் வெட்டி, மிச்சத்தை அப்படியே பதினொன்றாவது துண்டாக விட்டுவிடும். பாஷில் ரீட் கட்டளையும் கடைசி மாறிக்கு மிச்சம் முழுவதையும் கொடுக்கும்.

இன்னும் நல்ல வழி, வேண்டியதை மட்டும் வேண்டிய வரிசையில் கேட்பது. பிஎஸ் -இஓ போட்டு நெடுவரிசைப் பெயர்களைக் கொடுங்கள். ஒவ்வொரு பெயரின் பின்னாலும் சமக்குறி வைத்தால் தலைப்பு வரியும் வராது. இடைவெளி வரக்கூடிய நெடுவரிசையை எப்போதும் கடைசியில் வையுங்கள். எத்தனை நேரமாக ஓடுகிறது என்று தெரிய வேண்டுமானால் ஸ்டார்ட் நெடுவரிசையை நம்பாதீர்கள். இன்று தொடங்கியதற்கு மணி, பழையதற்கு மாதமும் தேதியும், அதைவிடப் பழையதற்கு ஆண்டு என்று அது வேஷம் மாற்றும். இடைம்ஸ் என்று கேட்டால் ஓடிய விநாடிகள் ஒரே எண்ணாக வரும்.

பயனர் பேர வெச்சுத் தேடறேன், சில பேர் மட்டும் கிடைக்கவே மாட்டேங்கறாங்க.

பெயர் எட்டு எழுத்தைத் தாண்டுகிறதா பாருங்கள். இடம் போதாவிட்டால் பிஎஸ் பெயரை வெட்டி கடைசியில் ஒரு கூட்டல் குறி வைக்கும். பழைய பதிப்புகள் பெயருக்குப் பதில் பயனர் எண்ணைப் போடும். -இஓ-வில் யூசர் என்ற நெடுவரிசைப் பெயரின் பின்னால் முக்காற்புள்ளி வைத்து 32 என்று அகலம் கொடுத்துவிடுங்கள்.

நெட்ஸ்டாட்ல ஏழாவதுல நிரல் பேரு வருது. சில வரில மட்டும் காணோம். பக் தானே?

பக் இல்லை. நெட்ஸ்டாட் வலை இணைப்புகளைக் காட்டும், அவை யூடிபி என்ற வலை நெறிமுறையின் வரிகள். டிசிபி-க்குத்தான் ‘லிசன்’ போன்ற நிலை உண்டு. யூடிபி-க்கு அந்த இடம் காலி. கண்ணால் பார்த்தால் காலி இடம் தெரிகிறது. ஆக்குக்கு அது வெறும் இடைவெளி, முன்னும் பின்னும் உள்ள இடைவெளிகளோடு கலந்துவிடும். அந்த வரியில் எல்லாமே ஓர் இடம் இடப்பக்கம் நகர்ந்து, நிரல் பெயர் ஆறாவதில் உட்கார்ந்திருக்கும். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே -எஃப்-இலும் லேபிள் இல்லாத வட்டுகளுக்கு இதுதான் நடக்கும்.

காலியாக இருக்கக்கூடிய நெடுவரிசை நடுவில் இருந்தால் இடைவெளியை நம்பிப் பிரிக்கவே முடியாது. ஒன்று, என்எஃப் எத்தனை என்று பார்த்து வரிக்கு வரி வேறு வழி எடுக்க வேண்டும். அல்லது கட்டளையிடமே வேறு வடிவம் கேட்க வேண்டும். எல்எஸ்பிஎல்கே-க்குப் பெரிய பி கொடுத்தால் பெயர், சமக்குறி, மேற்கோளுக்குள் மதிப்பு என்று தரும். மதிப்பு காலியாக இருந்தால் வெறும் மேற்கோள் இருக்கும், இடம் நகராது.

டெர்மினல்ல பாத்தா ஒரு மாதிரி, பைப்ல விட்டா வேற மாதிரி வருது. எது நிஜம்?

இரண்டும்தான். பல கட்டளைகள் தம் எதிரில் இருப்பது திரையா குழாயா (பைப்) என்று கேட்டுத் தெரிந்துகொள்கின்றன. எல்எஸ் திரையில் பல நெடுவரிசையாக அடுக்கும், குழாயில் வரிக்கு ஒன்றாகத் தரும். பிஎஸ் திரையின் அகலத்துக்கு வெட்டும். மைஎஸ்கியூஎல் திரையில் கோடு போட்டுக் கட்டம் கட்டும், குழாயில் டேப் வைத்து மட்டும் பிரிக்கும். எனவே திரையில் பார்த்துப் பிரிப்பானை எழுதாதீர்கள். வெளியீட்டை ஒரு கோப்புக்கு அனுப்பி, அந்தக் கோப்பைத் திறந்து பார்த்து எழுதுங்கள். அதே கோப்பு நாளைக்குச் சோதனைத் தரவாகவும் உதவும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் இதில் விதிவிலக்கு. அதன் கட்டளையான பீஎஸ்கியூஎல் குழாயிலும் கட்டம் கட்டும். பெரிய ஏ-யும் சின்ன டி-யும் கொடுத்தால் கட்டமும் தலைப்பும் போகும். 2019-இல் வந்த 12-ஆம் பதிப்பிலிருந்து நேராக, காற்புள்ளியால் பிரித்த சிஎஸ்வி வடிவத்தையே கேட்கலாம்.

கையால ஓட்டினா சரியா வருது, கிரான்ல போட்டா சொதப்புது.

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டுவதுதான் கிரான். முதலில் கிரான் வரியிலேயே விழுக்காட்டுக் குறி எழுதியிருக்கிறீர்களா பாருங்கள். கிரான்டேபில் அந்தக் குறிக்குப் புது வரி என்று பொருள். உங்கள் கட்டளை அங்கேயே முறிந்திருக்கும். ஸ்கிரிப்டைத் தனிக் கோப்பில் வைத்து கிரானிலிருந்து அதை அழைத்தால் தொல்லையில்லை. அடுத்தது பாதை. கிரானுக்குத் தெரிந்த கோப்புறைகள் கொஞ்சம்தான். நிர்வாகக் கட்டளைகள் இருக்கும் எஸ்பின் பெரும்பாலும் அதில் இருக்காது.

மூன்றாவது மொழி அமைப்பு. டெர்மினலில் உங்கள் மொழி, கிரானில் வேறு. தலைப்புச் சொற்கள் மாறலாம். ஜெர்மன் அமைப்பில் 1.5 என்பது 1,5 என்று வரும், ஆக் அதை வெறும் 1 என்று படிக்கும். ஸ்கிரிப்டின் முதல் வரியிலேயே எல்சி_ஆல் என்ற சூழல் மாறிக்கு சி என்று (எல்லாமே பெரிய எழுத்து) மதிப்பு கொடுத்துவிட்டால் எங்கே ஓடினாலும் ஒரே முகம். தமிழ் எழுத்து வருமானால் இதில் ஒரு திருத்தம் உண்டு, அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

தமிழ்ப் பேர் இருக்கற வரி மட்டும் கோணலாகுது. எழுத்து எண்ணி வெட்டினா உடைஞ்சு வருது.

‘தமிழ்’ என்ற சொல்லையே எடுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. யூடிஎஃப்-8 கோப்பில் இந்த ஐந்தும் தலா மூன்று பைட், ஆக 15. பைத்தானிடம் நீளம் கேட்டால் 5 என்னும். டெபியனும் உபுண்டுவும் வழக்கமாகத் தரும் ஆக் வகையான மாக் 15 என்னும். இன்னொரு ஆக் வகையான காக், மொழி அமைப்பைப் பொறுத்து 5 அல்லது 15 என்னும். மேலே சொன்னபடி சி என்று வைத்திருந்தால் 15-தான். திரை எவ்வளவு அகலம் ஒதுக்கும் என்பது இந்த மூன்றிலும் அடங்காது, அது டெர்மினலுக்கு டெர்மினல் வேறு.

எனவே தமிழ் வரும் இடத்தில் இத்தனையாவது எழுத்திலிருந்து இத்தனைவரை என்று வெட்டாதீர்கள். பாதி எழுத்தில் கத்தி விழும். டேப் வைத்துப் பிரித்து வாங்குங்கள். மொழி அமைப்புக்கு வெறும் சி-க்குப் பதில் சி.யூடிஎஃப்-8 என்று கொடுங்கள். செய்திகள் ஆங்கிலத்திலும் எண்கள் புள்ளியோடும் வரும், எழுத்துகளும் பிழைக்கும்.

எல்எஸ் -எல் வெளியீட்டப் பிரிக்காதேன்னு எல்லாரும் திட்டறாங்க. அப்படி என்ன குத்தம்?

கோப்புப் பெயரில் வரக்கூடாதவை சாய்கோடும் பூஜ்ய பைட்டும் மட்டுமே. இடைவெளி வரலாம், டேப் வரலாம், புது வரிகூட வரலாம். ஒரு கோப்பு இரண்டு வரியாகத் தெரிந்தால் உங்கள் ஸ்கிரிப்ட் அதை இரண்டு கோப்பு என்று நம்பும். அழிக்கும் ஸ்கிரிப்டாக இருந்தால் மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள். தேதியும் நிலையாக இருக்காது. ஆறு மாதத்துக்குள் என்றால் மணி வரும், அதற்கு முந்தையது என்றால் ஆண்டு வரும். அளவு, தேதி வேண்டுமானால் ஸ்டாட், தேட வேண்டுமானால் ஃபைண்ட், இரண்டும் கலந்த வேலையென்றால் பைத்தானின் ஸ்கேன்டிர். எல்எஸ் உங்கள் கண்ணுக்கு மட்டும் இருக்கட்டும்.

சிஎஸ்வி-ய ஆக்ல காற்புள்ளி வெச்சுப் பிரிச்சா போதாதா?

மேற்கோளுக்குள் காற்புள்ளி இல்லாதவரை போதும். முகவரி நெடுவரிசை ஒன்று வந்ததும் போச்சு. 2023-இல் வந்த காக் 5.3-இலும், கெர்னிகனின் மூல ஆக்கின் அதே ஆண்டுப் பதிப்பிலும் சிஎஸ்வி-க்கென்று தனித் தெரிவு உண்டு. சர்வரில் அவ்வளவு புதியது இல்லையென்றால் பைத்தானோடு வரும் சிஎஸ்வி தொகுதியே போதும். விண்டோஸில் சேமித்த கோப்பென்றால் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி ஒட்டியிருக்கும். கடைசி நெடுவரிசை மட்டும் எதோடும் பொருந்த மறுத்தால் அதைச் சந்தேகப்படுங்கள்.

ஜேசன் கேட்டா தருமாமே? அப்ப இவ்வளவும் எதுக்கு?

ஒவ்வொரு மதிப்பையும் பெயரோடு தரும் வடிவம்தான் ஜேசன். தரும் கட்டளையென்றால் அதையே கேளுங்கள். ஐபி -ஜே, எல்எஸ்பிஎல்கே-க்குப் பெரிய ஜே, ஃபைண்ட்மவுண்ட்டுக்கும் பெரிய ஜே. வந்ததை ஜேக்யூ கட்டளை பிரித்துத் தரும், மேலே உள்ள பாதித் தொல்லை மறையும். தராத கட்டளைகளும், மாற்ற முடியாத பழைய சர்வர்களும் இருக்கின்றன. அதற்குத்தான் மீதி. என்னைக் கேட்டால் முதலில் கையேட்டுப் பக்கத்தில் ஜேசன் உண்டா என்று தேடுவேன், அடுத்து நெடுவரிசையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டா என்று பார்ப்பேன், இரண்டும் இல்லாதபோதுதான் ஆக்கைத் தொடுவேன். டிஎஃப்-க்கு இரண்டாவது வழி உண்டு. லினக்ஸில் அவுட்புட் என்ற தெரிவில் விழுக்காட்டை முதலிலும் மவுண்ட் பாதையைக் கடைசியிலும் கேட்டு வாங்கலாம். பிஎஸ்ஸுக்குச் சொன்ன அதே தந்திரம்.

அடுத்த அப்டேட்ல நெடுவரிசை மாறிட்டா எனக்கு எப்படித் தெரியும்?

ஸ்கிரிப்டைக் கத்த வையுங்கள். ஃப்ரீ கட்டளையின் அட்டவணையே 2014 வாக்கில் மாறியது. இடையில் இருந்த பஃபர் வரி போய், ‘அவெய்லபிள்’ என்று புது நெடுவரிசை வந்தது. பழைய ஸ்கிரிப்டுகள் பிழை எதுவும் காட்டாமல் தப்பான எண்ணைத் தந்துகொண்டிருந்தன. தலைப்பு வரியைத் தூக்கி எறிவதற்குப் பதில் அதைப் படித்து, எந்தப் பெயர் எத்தனையாவது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொண்டு, பெயரால் எடுங்கள். அந்தப் பெயர் இல்லையென்றால் பிழைக் குறியோடு நின்றுவிடட்டும். டிஎஃப், ஃப்ரீ இரண்டின் தலைப்பிலும் மூன்றாவது கேள்வியில் சொன்ன வழுக்கல் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

ஒரு தரவு வரிகூட வராவிட்டாலும் அது பிழைதான். குழாயில் முதல் கட்டளை தோற்றாலும் கடைசிக் கட்டளை ஜெயித்தால் ஷெல் ‘வெற்றி’ என்றே சொல்லும். பாஷில் பைப்ஃபெயில் தெரிவைப் போட்டால் அது திருந்தும். ஆக்கின் எண்ட் (பெரிய எழுத்து) பகுதியில் எத்தனை வரி பார்த்தோம் என்று எண்ணி, பூஜ்யமானால் 1 என்ற குறியோடு வெளியேறச் சொல்லுங்கள்.

எல்லாம் செஞ்சும் ஒருநாள் சர்வர்ல என் ஸ்கிரிப்ட் நூறு நகல் ஓடிட்டு இருந்துச்சு. பிரிக்கறதுல என்ன தப்பு?

பிரிப்பதில் தப்பில்லை, டிஎஃப் அங்கேயே நின்றிருக்கிறது. மவுண்ட் செய்த, வலைவழி வட்டைப் பகிரும் என்எஃப்எஸ் சர்வர் பதில் சொல்லாவிட்டால் டிஎஃப் அதன் வாசலிலேயே காத்துக்கிடக்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கிரான் இன்னொன்றை அனுப்பும், அதுவும் அங்கே போய் நிற்கும். உள்ளூர் வட்டு மட்டும் போதுமென்றால் டிஎஃப்-க்கு -எல் போடுங்கள். பகிர்ந்த வட்டையும் பார்த்தே ஆகவேண்டுமென்றால் டைம்அவுட் கட்டளைக்குள் வைத்து, முழு ஸ்கிரிப்டையும் எஃப்லாக் -என் வழியாக ஓட்டுங்கள். பழைய நகல் பூட்டைப் பிடித்திருக்கும்வரை புதியது உள்ளே வராது. பூட்டு கிடைக்காமல் திரும்பிப்போனதற்கும் ஒரு மெயில் வையுங்கள்.